சைட் மண்ணை சைட்டுக்குள்ளேயே நிறுத்துவது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: "சார், மேடவாக்கம் பக்கம் 2 ஏக்கர் மனையில் ஸ்டில்ட் பிளஸ் 5 மாடி அபார்ட்மெண்ட் வேலை நடக்கிறது. நான் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சாயங்காலம் அரை மணி நேரம் பெய்த மழைக்கே தெரு முழுக்கச் சேறு. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். சுற்றிலும் பச்சை வலை கட்டியிருக்கிறோம், அப்படியும் மண் போகிறது. கன்சல்டன்ட் சில்ட் ஃபென்ஸ் போடச் சொல்கிறார். அது போதுமா? ஐப்பசி மழைக்குள் வேறு என்ன செய்யலாம்?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சில்ட் ஃபென்ஸ், அதாவது சேற்றைத் தடுக்கக் கட்டும் துணி வேலி, மட்டும் போதாது. பச்சை வலை இந்த வேலைக்கே ஆகாது. அது தூசிக்கும் மறைப்புக்கும் கட்டுவது, சேற்றுத் தண்ணீர் அதன் வழியாகத் தாராளமாகப் போகும். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது வேலியில் இல்லை, தரையில் இருக்கிறது. இப்போது எவ்வளவு நிலம் வெறுமண்ணாகக் கிடக்கிறதோ அதில் பாதியையாவது மழைக்கு முன் மூடிவிடுங்கள். மூடிய பிறகு மிச்சம் ஓடிவரும் சேற்றைப் பிடிக்கத்தான் வேலி, குட்டை, ஜல்லிப் படுக்கை எல்லாம். பெரும்பாலான சைட்டுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. வேலியைக் கட்டி, போட்டோ எடுத்து ஃபைலில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு ஏக்கர் மண்ணைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள்.

"சென்னை தட்டையான ஊர், இங்கே என்ன மண் அரிப்பு வரப்போகிறது, அதெல்லாம் ஊட்டிக்காரர்கள் கவலை" என்று மேஸ்திரி முதல் பில்டர் வரை சொல்வார்கள். நானும் வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். ஊர் தட்டையாக இருப்பதுதான் இங்கே பிரச்சினையே. நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் மழைநீர் வடிகால்களுக்குச் சரிவு மிகக் குறைவு, தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். மெதுவாக நகரும் தண்ணீர் மண்ணைச் சுமக்காது, வழியிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகும். மலை ஊரில் அரித்த மண் ஆற்றோடு போய்விடும். இங்கே உங்கள் வாசலில் இருந்து ஐம்பதாவது மீட்டரில், எதிர் வீட்டுக்காரர் படிக்கட்டுக்கு முன்னால் இருக்கும் வடிகாலில் படிந்துவிடும். மாநகராட்சி புரட்டாசியில் தூர் வாரிவிட்டுப் போன கால்வாயை ஒரே மழையில் ஒரு சைட் பாதி அடைத்துவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்கு அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். மழை அதிகம் என்று சொல்லி எல்லோரும் போய்விடுவார்கள்.

மழை எப்படி மண்ணை எடுக்கிறது என்பதை ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும், பிறகு மறக்காது. பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வரை வேகத்தில் வந்து விழுகிறது, அதாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல். வெறுமண்ணில் விழும்போது அது சின்னதாக ஒரு குழி பறித்து மண்ணைச் சுற்றிலும் தெறிக்க வைக்கும். மழை விட்டதும் உங்கள் காம்பவுண்ட் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். தரையிலிருந்து ஓரிரண்டு அடி உயரத்துக்குச் சிவப்புப் புள்ளிகளாகத் தெறித்திருக்கும். அதுதான் அரிப்பின் முதல் கட்டம். மண் கட்டிகள் உடைந்து பொடியானதும் மேல்பரப்பு மெழுகினாற்போல அடைத்துக்கொள்கிறது, தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை, எல்லாம் மேலேயே ஓட ஆரம்பிக்கிறது. ஓடும் தண்ணீர் பொடியை அள்ளிக்கொண்டு போகிறது. கட்டுமான இடங்களிலிருந்து மண் வெளியேறும் அளவு விவசாய நிலத்தைப் போல 10 முதல் 20 மடங்கு, காட்டு நிலத்தைப் போல 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. உங்கள் 2 ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் சுரண்டப்பட்டால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 8 கன மீட்டர், நம் கணக்கில் (யூனிட்டுக்கு 100 கன அடி) கிட்டத்தட்ட மூன்று யூனிட். மூன்று யூனிட் மண்ணை ஒருவர் டிப்பரில் கொண்டுவந்து தெருக்கால்வாயில் கொட்டினால் விடுவீர்களா?

சென்னையில் எல்லா இடத்திலும் ஒரே மண் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கிவிடும், அடித்துக்கொண்டு போனாலும் உடனே படிந்துவிடும். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. தி.நகர், அண்ணா நகர், வில்லிவாக்கம், விருகம்பாக்கம் என்று நகரின் பெரும்பகுதியில் களிமண். உங்கள் மேடவாக்கம் பக்கம் மனைக்கு மனை மாறும், அதிலும் பேஸ்மட்டம் உயர்த்தக் கொட்டிய சவுடு மண் மேலே இருந்தால் கதையே வேறு.

அதனால் நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு உங்கள் சைட் மண்ணைப் போட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்பி, நன்றாகக் குலுக்கி சைட் ஆபீஸ் மேஜையில் வையுங்கள். பாட்டிலைக் கீழே வைக்கும்போதே மணல் அடியில் உட்கார்ந்துவிடும். டீ வந்து நீங்கள் குடித்து முடிப்பதற்குள் வண்டல் பெரும்பாலும் இறங்கிவிடும். அதற்கு மேலே நிற்கும் கலங்கல்தான் களி. களி அதிகமுள்ள மண்ணாக இருந்தால் மறுநாள் காலையிலும் பால் விட்ட டீ நிறத்தில் அப்படியே நிற்கும். இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் துகள் அடியைத் தொட ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். 0.01 மி.மீ. வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம். 0.002 மி.மீ. களித் துகளுக்கு மூன்று நாள். எந்த வேலியாலும் மழைத் தண்ணீரை மூன்று நாள் நிறுத்திவைக்க முடியாது. களிமண் சைட்டில் கலங்கிய தண்ணீரைத் தெளிய வைப்பது அவ்வளவு பெரிய பாடு, அதனால்தான் கலங்கவே விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தண்ணீரின் அளவையும் ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2 ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 81,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏழு வந்து உங்கள் சைட்டில் வால்வைத் திறந்துவிட்ட மாதிரி. வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெறும் ஊர் இது, அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வடகிழக்குப் பருவமழையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அப்படிப்பட்ட நாளில் வேலியும் குட்டையும் ஏதும் செய்ய முடியாது, மூடி வைத்த நிலம் மட்டும்தான் தாங்கும். ஆனால் வருடத்தில் அப்படிப்பட்ட நாள் ஒன்றோ இரண்டோதான். இரண்டு, மூன்று செ.மீ. மழை பெய்யும் சாதாரண நாட்கள்தான் நிறைய, அந்த நாட்களில் போகும் சேற்றைத்தான் நாம் நிறுத்தப்போகிறோம்.

சரி, மூடுவது எப்படி? முதலில், திறக்காமல் இருப்பதே பாதி வேலை. இங்கே பூமி பூஜை முடிந்த மறுநாளே ஜேசிபியை விட்டு மனை முழுவதையும் சுரண்டிவிடுகிறோம். ஏ பிளாக் பைலிங் இப்போது, பி பிளாக் தை மாதம் என்றால் பி பிளாக் இடத்தில் இருக்கும் புல்லை ஏன் தொட வேண்டும்? சீமைக்கருவேலம் இருந்தால்கூட மேலே வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுங்கள், அந்த இடத்தில் தோண்டும் வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். மனையின் தாழ்ந்த ஓரத்தில் ஐந்து மீட்டர் அகலத்துக்குப் புல்பரப்பு தப்பியிருந்தால் அதைப் பொன்போல் காப்பாற்றுங்கள். நீங்கள் வாங்கிக் கட்டும் எந்த வேலியையும்விட அது நன்றாக வேலை செய்யும்.

ஏற்கெனவே சுரண்டிவிட்ட இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்றால் வைக்கோல் பரப்புங்கள். ஏக்கருக்கு இரண்டு டன் கணக்கு, தரை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் நெல் அறுவடை முடிந்த இடங்களில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். காற்றில் பறக்காமல் மேலே கயிறு குறுக்கே ஓட்டி முளை அடித்துவிடுங்கள். பழைய தென்னங்கீற்றும் நல்லதுதான். இன்னும் நீண்ட நாள் கிடக்கப்போகும் இடத்தில் கம்பு, கேழ்வரகு, தட்டைப்பயறு, சணப்பு எல்லாம் கலந்து தூவிவிடலாம். நான்கைந்து நாளில் முளைத்துவிடும், திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் கைக்கு இது தெரிந்த வேலை. புரட்டாசி கடைசியில் தூவினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்திருக்கும். சரிவான இடங்களில், அடித்தளப் பள்ளத்துக்கு இறங்கும் ராம்ப் ஓரம், நிரப்பிய மண்ணின் பக்கச் சரிவு போன்ற இடங்களில், தென்னைநார் வலை விரித்து முளை அடியுங்கள். நிரந்தரமாக இருக்கப்போகும் சரிவு என்றால் வலைக்கு நடுவில் வெட்டிவேர் நடுங்கள். வேர் நேராகக் கீழே இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

மண் குவியல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்ட பாடு இன்னும் உறுத்துகிறது. பல வருடம் முன்பு ஆதம்பாக்கத்தில் ஒரு சைட். இடம் குறைவு என்று எடுத்த மண்ணையெல்லாம் பின்பக்கக் காம்பவுண்டை ஒட்டிக் குவித்தோம். குவிக்கச் சொன்னது நான்தான். ஒரு ராத்திரி மழை. காலையில் போனால் சுவரின் வடிகால் துளை வழியாகச் செம்மண் குழம்பு பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு இறங்கியிருந்தது. அந்த வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருந்தார். குடிப்பதைத் தவிர எல்லாவற்றுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். நான் போனபோது வாளியைக் கிணற்றிலிருந்து தூக்கி என் முன்னால் வைத்தார். சத்தம் போடவில்லை. வாளியில் இருந்தது தண்ணீர் இல்லை, சிவப்புக் கரைசல். ஆள் விட்டுத் தூர் வாரி, இறைத்து, மறுபடி ஊற விட்டு, தெளியும்வரை மூன்று நாள் நாங்கள் லாரியில் தண்ணீர் கொடுத்தோம். அன்றிலிருந்து குவியல் எங்கே வைப்பது என்பதை நானே நடந்து அடையாளம் போடாமல் ஜேசிபியை ஓட்ட விடுவதில்லை.

குவியல் காம்பவுண்டிலிருந்தும் வடிகாலிலிருந்தும் தோண்டிய பள்ளத்தின் விளிம்பிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். ஆளுயரத்துக்கு மேல் வேண்டாம். மேல்மண்ணைத் தனியாக வையுங்கள், கடைசியில் தோட்டத்துக்கு அதுதான் தேவைப்படும். தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தைக் கல்லோ மணல் மூட்டையோ வைத்து அழுத்துங்கள். அடியைச் சுற்றி அரை அடி வரப்பு. தெருவில் இறக்கி வைத்திருக்கும் எம்-சாண்டுக்கும் இதே கதைதான். தெருவில் மணல் இறக்குவதே தவறு என்பது என் கருத்து, ஆனால் இடமில்லாமல் இறக்கியே ஆக வேண்டியிருந்தால் அன்று ராத்திரி மூடாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது, வெளித் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. மேட்டுப் பக்க மனையிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும் நல்ல தண்ணீர் உங்கள் சைட்டுக்குள் நுழைந்து, சேறாகி வெளியே போகிறது. எல்லையில் ஒரு வரப்பு போட்டு, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டி அதைச் சுற்றி அனுப்பிவிட்டால் நீங்கள் சமாளிக்க வேண்டிய தண்ணீர் கணிசமாகக் குறையும். வாய்க்கால் நீளமாக இருந்தால் நடுநடுவே கல்லோ மணல் மூட்டையோ வைத்துச் சின்னத் தடுப்பு கட்டுங்கள். கீழ்த்தடுப்பின் தலையும் மேல்தடுப்பின் காலும் ஒரே மட்டத்தில் வரும்படி இடைவெளி விட்டால் வேகம் அடங்கும். நடுவில் கொஞ்சம் தாழ்வாக வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் இரண்டு பக்கமும் கரையை அரித்துக்கொண்டு சுற்றிப் போகும்.

இந்த வரப்பு, பள்ளம் தோண்டியிருக்கும் இடத்தில் உயிர் காக்கிற விஷயம். விளிம்பைத் தாண்டித் தண்ணீர் பள்ளத்துக்குள் கொட்டினால் கரை ஊறிச் சரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி ஃபைவ் ஃபர்லாங் சாலை அருகே கட்டுமானப் பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் கன்டெய்னர் ஆபீஸ், ஜெனரேட்டர், கம்பிக் கட்டு எதையும் வைக்காதீர்கள். கனமழை எச்சரிக்கை வந்த அன்று பள்ளத்தை ஒட்டி யாரையும் தங்க விடாதீர்கள், வாட்ச்மேன் உட்பட.

இப்போது சில்ட் ஃபென்ஸுக்கு வருவோம். அது சல்லடை என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு குட்டி அணை. துணிக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்க, அந்த நேரத்தில் மண் படிகிறது. தேங்க இடம் வேண்டும், எனவே சரிவின் காலை ஒட்டிக் கட்டாமல் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஜியோடெக்ஸ்டைல் துணி வாங்குங்கள், அதாவது தண்ணீரைக் கசிய விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி. இரண்டு மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பு, தரைக்கு மேல் இரண்டு முதல் மூன்றடி உயரம். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். தவறு நடப்பது அடியில். அரை அடி ஆழம், அரை அடி அகலத்துக்குக் குழி வெட்டி, துணியின் அடிப்பகுதியை அதற்குள் மடித்து விட்டு, மண்ணைப் போட்டுக் கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும். சித்தாள்களிடம் சொல்லிவிட்டுப் போனால் துணியின் மேல் இரண்டு சட்டி மண் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். முதல் மழையிலேயே தண்ணீர் அடியில் புகுந்து ஓடிவிடும், மேலே துணி மட்டும் அழகாக நிற்கும். நின்று பார்த்துச் செய்ய வையுங்கள்.

வேலி ஒரே உயரத்தில் உள்ள இடங்களை ஒட்டிப் போக வேண்டும், இரண்டு முனையும் மேட்டைப் பார்த்து வளைந்திருக்க வேண்டும். நூறு அடி வேலிக்குப் பின்னால் கால் ஏக்கருக்கு மேல் நிலம் இருக்கக்கூடாது என்பது பொதுவான கணக்கு. வாய்க்காலுக்குக் குறுக்கே மட்டும் கட்டிவிடாதீர்கள், பிய்த்துக்கொண்டு போகும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண் சேர்ந்ததும் அள்ளிவிட வேண்டும்.

எல்லா வாய்க்காலும் கடைசியில் வந்து சேரும் தாழ்ந்த மூலையில் ஒரு படிவுக் குட்டை. ஏக்கருக்கு 3,600 கன அடி என்பது அமெரிக்க விதிமுறையில் நெடுங்காலமாக இருக்கும் அளவு. அதை உங்கள் மனைக்குப் போட்டால் சுமார் 200 கன மீட்டர் வரும், அதாவது 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். மனையில் நூற்றில் இரண்டரைப் பங்கு இடம். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) தொட்டியோ தரையடித் தண்ணீர்த் தொட்டியோ அந்தப் பக்கம் வரப்போகிறது என்றால் அதற்கான பள்ளத்தைப் பருவமழை முடியும்வரை குட்டையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். மழைநீர்ச் சேகரிப்புக் கிணறு வரப்போகும் இடத்தை மட்டும் தொடாதீர்கள், களி அடைத்துவிட்டால் அப்புறம் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்காது. குட்டையை நீளவாக்கில் அமையுங்கள், தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். நம் ஊர் ஏரிகளில் உபரித் தண்ணீர் வழிந்து போகக் கலங்கல் கட்டியிருப்பார்களே, அதேபோல் கரையில் ஓரிடத்தை ஓரடி தாழ்த்திக் கல் பாவி விடுங்கள். அதிகத் தண்ணீர் கரையை உடைக்காமல் அந்த வழியே போகும். பாதி ஆழம் தூர்ந்ததும் அள்ளுங்கள்.

குட்டையிலிருந்தோ அடித்தளப் பள்ளத்திலிருந்தோ தண்ணீர் இறைக்கும்போது செய்யும் ஒரு தவறுதான் தெருவில் ஓடும் சேற்றில் பெரும்பங்கு. மோட்டாரை அடியில் உட்கார வைத்து, சேற்றைக் கலக்கி, ஹோஸை நேராக வடிகாலுக்குள் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் எப்போதும் மேலே தெளிவாகவும் கீழே கலங்கலாகவும் இருக்கும், எனவே மேலிருந்து எடுங்கள். காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை மூடி இறுக்கி, உறிஞ்சு குழாயின் வாயை அதன் அடியில் ஒரு சாண் ஆழத்தில் தொங்கும்படி கட்டிவிட்டால் தண்ணீர் இறங்க இறங்க அதுவும் மிதந்துகொண்டே இறங்கும். சப்மெர்சிபிள் பம்ப் என்றால், துளை போட்ட டிரம்முக்குள் அதை இறக்கி, டிரம்மைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் சுற்றி 20 மி.மீ. ஜல்லியைக் கொட்டுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது.

களி அடங்கவே மாட்டேன் என்றால் படிகாரம் இருக்கிறது. மண்பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களே பாட்டிமார், அதே தத்துவம்தான்: ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும் துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கிக் கீழே இறக்குவது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வைத்தால் 100 கன மீட்டருக்கு 5 கிலோ வரும். முதலில் நான்கு பாட்டிலில் வெவ்வேறு அளவு போட்டுப் பார்த்து எதில் தெளிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டபடி கொட்டினால் தண்ணீர் புளித்துப்போகும், போய்ச் சேரும் ஏரியில் மீன் தாங்காது. நிற்கும் குட்டையில் போட்டு, தெளிந்த பிறகு மேல்தண்ணீரை மட்டும் விடுங்கள்.

டிஎம்சி பைலிங், அதாவது களிக்குழம்பைத் துளைக்குள் சுற்றவிட்டுத் தோண்டும் முறை, போடுகிறீர்களா? அப்படியானால் அந்தப் பென்டோனைட் குழம்பின் மேல் தனிக் கண் வையுங்கள். அது தண்ணீரில் ஊதிப் பெருகுவதற்கென்றே தேர்ந்தெடுக்கும் களிமண், அசையாமல் நின்றால் ஜெல்லி போல் இறுகும். சரிவில்லாத சென்னை வடிகாலுக்குள் அதை விடுவதைவிடக் கெட்ட காரியம் எனக்குத் தெரிந்து இல்லை. தொட்டி கட்டிச் சுழற்சியில் பயன்படுத்துங்கள், மிஞ்சியதைக் காயவைத்தோ டேங்கரில் ஏற்றியோ முறையான இடத்துக்கு அனுப்புங்கள். பைலிங் கான்ட்ராக்டர் "ராத்திரி விட்டுடலாம் சார்" என்பார். விடாதீர்கள். ட்ரான்சிட் மிக்சர் கழுவுவதற்கும் தார்ப்பாய் விரித்த ஒரு குழி வேண்டும். சிமெண்ட் தண்ணீர் கடுமையான காரம், வடிகாலில் இறங்கினால் அங்கேயே கல்லாகிவிடும்.

வாசல். 15 மீட்டர் நீளத்துக்கு, கேட்டின் முழு அகலத்துக்கு, ஜியோடெக்ஸ்டைல் விரித்து அரை அடி கனத்துக்குப் பெரிய கருங்கல் ஜல்லி போடுங்கள். டிப்பர் சக்கரம் அதில் உருளும்போது பல்லிடுக்குச் சேறு உதிர்ந்துவிடும். பெரும்பாலான சைட்டில் ரப்பிஷ் கொட்டிச் சமாளிக்கிறார்கள். செங்கல் உடைசல் இரண்டே நாளில் பொடியாகிச் செங்குழம்பாகிவிடும், தெரு இன்னும் மோசமாகும். தெருவில் விழுந்த சேற்றை ஹோஸ் பிடித்துக் கழுவாதீர்கள். கழுவினால் அது போகுமிடம் வடிகால்தான். காய்ந்ததும் சுரண்டிக் கூட்டி உள்ளே அள்ளிக்கொண்டு வாருங்கள்.

தெருவில் உள்ள வடிகால் வாயைச் சாக்கு போட்டு அடைக்கும் பழக்கமும் உண்டு. சேறு நின்றுவிடும், கூடவே தெருவும் மூழ்கிவிடும். ஜல்லி நிரப்பிய மூட்டைகளை லாட வடிவத்தில் வாயிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கி, நடுவில் ஒரு மூட்டை உயரம் குறைத்து விடுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று, அதாவது 20 செ.மீ.க்கு மேல் மழை எதிர்பார்க்கும் நாளில், அதையும் எடுத்துவிட வேண்டும். அன்று தெருவில் தண்ணீர் வடிவதுதான் முக்கியம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மொத்தக் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும். எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்று பார்த்தால் உங்களுக்குச் சுமார் 16,000 வருகிறது, ஆனால் அந்தக் கணக்கில் ஸ்டில்ட் பார்க்கிங்கும் சேரும், எனவே உங்கள் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கியிருந்தால் மேல்மண்ணைச் சேமிப்பது போன்ற நிபந்தனைகள் அதிலேயே எழுதியிருக்கும். எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பக்கத்துச் சேறு போய்ச் சேருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் அது. அங்கிருந்துதான் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகத் தென்சென்னையின் வெள்ளம் கடலுக்கு வடிகிறது. அந்தத் தரை ஒரு சாண் உயர்ந்தால் அந்த அளவுக்குத் தண்ணீர் வேளச்சேரி வீடுகளுக்குள் நிற்கும்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும், ஆனால் நீங்களே பார்த்ததுபோல் ஆடி, ஆவணி சாயங்கால மழையே போதும் தெருவைச் சேறாக்க. எனவே வாசல் ஜல்லியும் வரப்பும் இந்த வாரம். குட்டையும் வேலியும் அடுத்த இரண்டு வாரத்தில். வைக்கோலும் விதைப்பும் புரட்டாசி முடிவதற்குள். ஒரே ஒரு ஆளை இதற்கென்று பொறுப்பாக்குங்கள், தினமும் காலையில் ஒரு சுற்று, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு நீங்களே வாசலில் போய் நில்லுங்கள். வெளியே ஓடும் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடியுங்கள். பிறகு அந்தத் தண்ணீர் வந்த வழியே பின்னோக்கி நடங்கள். எந்த இடத்தில் அது முதலில் சிவக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், வெயிலில் எவ்வளவு நடந்தாலும் தெரியாது. பாட்டிலில் தேதியையும் அன்றைய மழை அளவையும் எழுதி, மேஜையில் வைத்திருக்கும் முதல் பாட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். தீபாவளிக்குள் அங்கே ஐந்தாறு பாட்டில் சேர்ந்துவிடும். சண்டைக்கு வந்த தெருக்காரர்கள் அடுத்த முறை வந்தால் உள்ளே அழைத்து, டீ கொடுத்து, அந்த வரிசையைக் காட்டுங்கள்.